இரண்டு நாற்காலிகள் கேட்டு

கோமதியின் பாதத்தில் செருப்பு வாரின் தடம் மாலைவரை அழியாமல் கிடந்தது. என் மனைவியின் நோய் அப்படித்தான் தெரியவந்தது. இரு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன என்றார் மருத்துவர். தூத்துக்குடித் தனியார் மருத்துவமனை ஒன்றில், வாரம் மூன்று முறை டயாலிசிஸ் (இயந்திரத்தின் வழியே இரத்தத்தைச் சுத்திகரித்தல்).

அவள் கையிலிருந்த ஃபிஸ்டுலா (ஊசி ஏற்றுவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) எளிதில் வசப்படாதது. ஒரே குத்தில் ஊசியேற்றியவர் செவிலியர் ஜெனிஃபர் மட்டுமே. ஆறு மாதக் கர்ப்பிணியான அவர் வேலையை விடப்போவதாகச் சொன்னபோது நான் கெஞ்சினேன்.

"நீங்க தெய்வம் மாதிரி, சிஸ்டர். போயிராதீங்க."

கோமதி படுத்தபடியே குறுக்கிட்டாள். "தெய்வம்னா நின்னுக்கிட்டே இருக்கணுமோ? ஏளா, அந்தக் காலக் காட்டு" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "பாருங்க, எங்காலவிட வீங்கியிருக்கு."

ஜெனிஃபர் சிரித்தார். "பன்னெண்டு மணி நேர டூட்டிம்மா. உக்காந்தா தூங்கிருவோம்னு சேரையெல்லாம் எடுத்துட்டாவ. சம்பளங்கூடப் பரவால்ல. ஒரு சேர் கெடந்தா நான் ஏன் போறேன்? ஹார்பர் பக்கம் எங்க மாமா ஆபீஸ்ல உக்காந்து டைப் அடிக்கலாம்."

அன்றே நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினேன்: செவிலியர் மேசைக்கு இரண்டு நாற்காலிகள் வேண்டும்.

நிர்வாக அதிகாரி படித்துவிட்டு, "இவங்க போனா வேற ஆளு வருவாங்க, சார்" என்றார்.

"குத்து வாங்குதது ஒங்க கை இல்லல்லா?" என்றேன்.

நாற்காலி வரவில்லை. மாத இறுதியில் ஜெனிஃபர் விலகினார். கோமதியின் கை முழங்கைவரை நீலமாகக் கன்றியது. புதிதாக வந்த பெண் அழுதுவிட்டார். "அழாதளா, கொஞ்சம் மேல குத்திப் பாரு" என்று அவரைத் தேற்றியவளும் கோமதிதான்.

நான்கு மாதங்களுக்குப் பின் அவளது இதயம் நின்றது. அந்த ஊசிகளைக் காரணம் சொல்ல மாட்டேன். அந்த நாற்காலிகளை விடவும் மாட்டேன்.

உங்களவர் இப்படியொரு வார்டில் படுத்திருந்தால், செவிலியரைத் தெய்வமென்று புகழ்வதை நிறுத்துங்கள். அவர் எங்கே உட்காருகிறார் என்று கேளுங்கள். நிலைத்திருக்கும் செவிலியரே நோயாளியின் நரம்பை அறிவார்.

செவ்வாய், வியாழன், சனி. என் வாரத்தில் இன்றும் அந்த மூன்று டயாலிசிஸ் நாட்களே உள்ளன. அந்நாட்களில் பதில் கேட்டு அதிகாரியின் அறைக்குச் செல்கிறேன்.

"உக்காருங்க, சார்."

"அவங்களுக்குச் சேர் வரட்டும். அதுவரைக்கும் நிக்கேன்."

இருபதாவது நிமிடத்தில் கெண்டைக்கால் இறுகுகிறது. நாற்பதாவதில் இடுப்பு. எழுபத்திரண்டு வயதில், ஒரு மணிநேரத்தின் நீளத்தைக் கால்களால் அறிந்துகொண்டிருக்கிறேன். செவிலியர்கள் நிற்கும் நேரத்தில் இது பன்னிரண்டில் ஒன்று.