முந்நூறு மீட்டருக்கு ஒரு தோட்டா

அந்த வருடங்களில் எங்கள் இருவருக்கும் சேர்ந்தாற்போல் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனிகள் வரத் தொடங்கியிருந்த நேரம். அதில் ஒன்றில் நான் அசெம்ப்ளி லைனில் நின்றேன். என் கணவருக்கு ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி. நான் காலை ஷிப்ட் என்றால் அவர் இரவில் இருப்பார். சேரப்பணஞ்சேரியில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த ஒற்றை அறையில் ஒருவர் எழுந்த பாயில் இன்னொருவர் படுப்போம். அப்படி இருந்தும் அந்த ஞாயிறுகளை நான் துப்பாக்கி சுடுவதற்குக் கொடுத்தேன் என்றால் இப்போது எனக்கே வியப்பாக இருக்கிறது.

கல்லூரியில் என்.சி.சி.யில் பழகியது. தென்காசிப் பக்கத்து முகாம் ஒன்றில்தான் அவரைப் பார்த்தேன். துப்பாக்கி சுடுவது அவருக்குக் கைவரவே இல்லை, எனக்கு வந்தது. வேலைக்காக இங்கே வந்து சேர்ந்த பிறகு, படப்பைக்கு அப்பால் குன்றடியில் ஒரு ரைபிள் கிளப் இருக்கிறது என்று அவர்தான் விசாரித்துக்கொண்டு வந்தார். கிளப்பின் செயலாளர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், கறாரான மனிதர். கொஞ்ச நாள் என்னை ஐம்பது மீட்டரில் சுடவிட்டுப் பார்த்தார்.

"முந்நூறு மீட்டர்ல பெண்கள் பிரிவுக்கு நம்ம கிளப்ல ஆளே இல்லம்மா. படுத்துச் சுடுற போட்டி. நீ படுக்கிறியா?" என்று ஒரு நாள் கேட்டார்.

வாரம் முழுக்க நின்றே வேலை செய்கிறவளுக்குப் படுப்பது என்ற வார்த்தையே போதுமானதாக இருந்தது. சரி என்றேன்.

துப்பாக்கி கிளப்புடையது. அதற்கு மூன்று வகைத் தோட்டாக்கள் இருந்தன. முதல் வகையில் குண்டு லேசு, வேகம் அதிகம். இரண்டாவதில் குண்டு கனம். அதை வேகமாகத் தள்ள வெடிமருந்தும் நிறைய. மூன்றாவது வேறொரு கம்பெனியுடையது. அதே கனமான குண்டுதான், ஆனால் மருந்தைக் குறைத்துப் போட்டிருந்தார்கள், வேகம் மந்தம். எல்லாமே வெளிநாட்டிலிருந்து அரிதாக வருபவை. மாநிலப் போட்டிக்கு எந்த வகை வேண்டும் என்று ஒவ்வொருவரும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், மற்றதை அடுத்தவருக்கு ஒதுக்கிவிடுவார்கள்.

ஐம்பது மீட்டரில் இந்தக் கவலையெல்லாம் கிடையாது. முந்நூறு மீட்டரில் பத்துப் புள்ளி வட்டம் உள்ளங்கை அகலம்தான். குண்டு கண்ணிமைக்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறது, ஆனால் அந்த நேரத்துக்குள்ளேயே காற்று அதைத் தள்ளிவிடும். பெரிய காற்று வேண்டாம், கழுத்து வியர்வை காய்கிற அளவுக்கு வீசினால் போதும், பத்து ஒன்பதாகிவிடும்.

லேசான குண்டை முதலில் சுட்டேன். வேகமாகப் போவதால் அதுதான் சரி என்று என் கணவர் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். குறி அட்டையைக் கழற்றி வந்து பார்த்தால் ஒரு பிடி கடலையை வீசியெறிந்த மாதிரி ஓட்டைகள். அந்தத் துப்பாக்கிக் குழலுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. கனமான வேகக் குண்டு அப்படியில்லை. ஓட்டைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழுந்தன. காற்றும் அதை அவ்வளவாக அசைக்கவில்லை. இதுதான் என்று முடிவே செய்துவிட்டேன்.

ஆனால் அது உதைத்தது. லைனில் என் தலைக்கு மேலே ஸ்பிரிங்கில் ஒரு மின்சார ஸ்க்ரூடிரைவர் தொங்கும். அதை வலது கையால் இழுத்து இழுத்து ஸ்க்ரூ முடுக்குவதுதான் என் வேலை. வெள்ளிக்கிழமை வருவதற்குள் வலது தோள் கல்லாகிவிடும். ஓ.டி. இருந்தால் சனிக்கிழமையும் அதே வேலை. அந்தத் தோளில்தான் ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கிக் கட்டையை வைத்து அழுத்துவேன். நாற்பது குண்டுகளுக்கு மேல் போனால் விசையை இழுப்பதற்கு முன்பே உடம்பு உதையை எதிர்பார்த்துச் சுருங்கும். அப்படிச் சுருங்கினால் எந்தக் குண்டாக இருந்தாலும் ஒன்றுதான். போட்டியில் அறுபது சுட வேண்டும்.

ஒரு ஞாயிறு, மற்றவர்கள் அட்டை மாற்றப் போயிருந்தபோது நான் சுடும் பாயில் அப்படியே கன்னத்தைக் கட்டையில் வைத்துத் தூங்கிப்போனேன். செயலாளர் வந்து துப்பாக்கியை எடுத்து வைத்துவிட்டுத்தான் எழுப்பினார். திட்டவில்லை. "டீ குடிச்சிட்டு வா. இன்னிக்கு நீ சுட வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த வாரத்தில்தான் எங்கள் வீட்டுக்காரம்மா என் தோளைப் பார்த்தார். அதே ஊரில் பரம்பரையாகப் பயிர் வைத்தவர்கள். நிலத்தில் பாதியைக் கம்பெனிக்கு விற்றுவிட்டு எங்களைப் போன்றவர்களுக்கு வரிசையாக அறைகள் கட்டி விட்டிருந்தார்கள். குழாயடியில் குடம் தூக்கும்போது நைட்டி கழுத்து விலகிவிட்டது.

"இன்னாம்மா இது? தோளு முச்சூடும் கன்னிப்போயி கீது?"

"ஒன்னுமில்லம்மா. துப்பாக்கி உதைச்சது."

அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, நம்பவில்லை. அன்று மாலை என் கணவர் சாப்பாட்டுப் பையோடு ஷிப்டுக்குக் கிளம்பி வெளியே வந்தபோது வீட்டுக்காரம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஏம்பா, பொண்ணு மேல கை வெக்கிறியா? நாங்கள்லாம் இருக்கசொல்ல இன்னா தைரியம் உனுக்கு?"

"நான் ஒன்னும் செய்யலம்மா. அது துப்பாக்கி…"

"துப்பாக்கி அடிச்சிதா? யார்கிட்ட கதை வுட்ற?"

பக்கத்து அறைகளில் இருந்தவர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். நான் ஓடிப்போய் எவ்வளவு சொல்லியும் அந்தம்மா என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். புருஷனைக் காப்பாற்றப் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு நடந்தார்.

மறுநாள் காலை ஷிப்ட் முடிந்து வந்ததும் அவர் படுக்கவில்லை. பாயில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டார்.

"தெருவே என்னப் பாக்கு. நீ பேசாம அந்த லேசுக் குண்ட எடுத்துக்க. இல்லன்னா விட்டுரு."

"லேசு குண்டு அந்தத் துப்பாக்கிக்கு ஆவல."

"கனத்தது ஒனக்கு ஆவுதா?"

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டேன்.

அடுத்த ஞாயிறு வீட்டுக்காரம்மாவையும் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனோம். செயலாளர் அவரைப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்துக் காதில் வைக்கப் பஞ்சு கொடுத்தார். முதல் குண்டுக்கே அவர் "யம்மாடி" என்று எழுந்து நின்றுவிட்டார். என் தோள் பின்னால் போய் வருவதைப் பார்த்தார். மூன்றாவது குண்டுக்குப் பிறகு என் கணவர் பக்கம் திரும்பி, "தப்பா பூட்ச்சிபா, மன்ச்சுக்கோ" என்றார். அன்று ராத்திரி மீன் குழம்பு கொண்டுவந்து கொடுத்தார். ஆனாலும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், சம்பளம் இல்லாத வேலைக்கு எதற்கு இந்த அடி என்று கேட்பதை விடவில்லை.

அந்த ஞாயிறே கிளப்பில், தோள் தாங்காது என்பதால், யாரும் விரும்பாத அந்த மந்த வேகத் தோட்டாவைக் கேட்டு வாங்கிச் சுட்டேன். உதை அமுங்கி வந்தது. ஓட்டைகள் வேகக் குண்டு அளவுக்கு நெருங்கவில்லை, ஆனால் லேசு குண்டு போல் சிதறவும் இல்லை. கடைசிக் குண்டு வரை நான் சுருங்கவே இல்லை. காற்றில்தான் கஷ்டம். கனத்தின் லாபத்தை வேகக் குறைவு தின்றுவிட்டது.

"காத்து மாறினா உன்னைக் கவிழ்த்துடும்மா. தெரிஞ்சுதான் எடுக்கிறியா?" என்றார் செயலாளர்.

"தெரியும் சார். காத்த நான் பாத்துக்கிறேன். தோள ஒன்னும் செய்ய முடியல."

அவர் அதையே எழுதிக்கொண்டார். போட்டியன்று என் கணவர் என் பின்னால் தொலைநோக்கியோடு உட்கார்ந்து காற்றுக் கொடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முந்தின நாள் இரவு ஷிப்ட். கண்கள் சிவந்திருந்தன.

முதல் நாற்பதும் நன்றாகப் போயின. என் வாழ்நாளில் அப்படிச் சுட்டதில்லை. உடம்பு பாயோடு பாயாக இருந்தது. பிறகு வெயில் ஏறியது, காற்று இடமிருந்து வலமாகத் திரும்பியது, கொஞ்ச நேரத்தில் மறுபடி மாறியது. ஒவ்வொரு முறையும் குறி பார்க்கும் சைட்டைத் திருகினேன், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தாமதமாகத் திருகினேன். ஒன்பது, ஒன்பது, எட்டு. பக்கத்தில் சுட்ட பெண் வேகக் குண்டு வைத்திருந்தாள். அதே காற்றில் அவளுடையவை வட்டத்தை விட்டு அவ்வளவாக வெளியே போகவில்லை. தேசியப் போட்டிக்குத் தேவையான புள்ளிக்கு இரண்டு குறைந்தது.

பஸ்ஸில் வரும்போது அவர் கேட்டார்.

"அந்த வேகக் குண்ட எடுத்திருந்தா கெடச்சிருக்குமோ?"

"நாப்பதுக்கு மேல என்னால சுட்டிருக்க முடியாது."

"ஆமா" என்றார். கொஞ்சம் கழித்து, "இல்ல, சும்மா கேட்டேன்" என்றார். ஸ்டாப் வருவதற்குள் இருவருமே தூங்கிவிட்டோம். கண்டக்டர் தட்டி எழுப்பினார்.

அதற்கு அடுத்த வருடம் நான் கர்ப்பம். கிளப்புக்குப் போவது நின்றுபோனது. என் இடத்துக்கு ஒரு பெண் போலீஸ் வந்திருப்பதாகவும், அவள் எந்தத் தோட்டா எடுக்கலாம் என்று என்னிடம் கேட்கச் சொன்னதாகவும் செயலாளர் போன் செய்தார். நல்ல உயரமான பெண், அகலமான தோள், என்றார்.

"வேகமானதையே குடுங்க சார்" என்றேன்.