பூனையிடம் சொல்லி அனுப்பிய அப்பா

எங்கள் அப்பாவின் பெருமை ஒரு சனிக்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்குக் கடலில் விழுந்தது. அப்போது நான் கரையில் துவாலைகளும் ஒரு பிளாஸ்க் சுக்குக் காப்பியுமாக நின்றுகொண்டிருந்தேன். அப்பாவுக்குச் சளி பிடித்துவிடும் என்பதுதான் என் கவலை. நான் எப்போதும் தவறான விஷயத்துக்கே கவலைப்படுவேன் என்று என் பிள்ளைகள் இருவரும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அப்பா நம்மைவிட்டுப் பிரிந்து ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பலர் அந்தக் காலையைப் பற்றி விதவிதமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நடந்ததை நடந்தபடி எழுதுவது ஒரே மகளான என் கடமை. அப்பா இருந்திருந்தால் இதைவிட விரிவாகவே சொல்லியிருப்பார்கள்.

அப்பா நாசரேத்தை அடுத்த ஒரு சிற்றூரில் புராட்டஸ்டண்ட் சபை உபதேசியாரின் மூத்த மகனாகப் பிறந்தார்கள். சிறு வயதிலேயே தகப்பனை இழந்து, மிஷன் பள்ளி விடுதியில் ஒரே சட்டையைத் துவைத்துத் துவைத்து உடுத்திப் படித்தார்கள். பிறகு தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அருகே ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் சேர்ந்து, தலைமைக் குமாஸ்தாவாக ஓய்வு பெற்றார்கள். பண்டிகைக்கு யாராவது வாழைத்தார் கொண்டுவந்தால்கூட வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். கை சுத்தம். ஆனால் அந்தச் சுத்தத்தை நாலு பேர் அறியவேண்டும் என்ற ஆசையும் அவர்களுக்கு உண்டு. ஆலயத்தில் வேதபாடம் வாசித்தால் தெருமுனை வரை கேட்கும். "முப்பத்திரண்டும் சொந்தப் பல். எல்லாம் வேப்பங்குச்சி" என்று யார் கேட்டாலும் சொல்வார்கள், கேட்காதவர்களிடமும் சொல்வார்கள்.

நான் ஆசிரியை வேலைக்கு வந்தபின், கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து சங்கு குளிக்கும் தொழில் செய்யும் ஒருவரை மணக்க விரும்பினேன். அப்பா திருமணத்துக்கு வந்தார்கள். கடைசி வரிசையில் நின்று அம்மாவிடம், "இந்தாளுகிட்ட என் வாயால ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்றார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் அப்பாவுக்கு நிகர் அப்பாதான்.

சிக்கல் என்னவென்றால், ஓய்வு பெற்றபின் அப்பாவும் அம்மாவும் எங்கள் வீட்டுக்கே குடிவந்தார்கள். ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேசை. அப்போதுதான் எங்கள் பூனைக்கு உத்தியோகம் கிடைத்தது.

"பூனே, அந்தாளுகிட்ட சொல்லு, இன்னைக்கு மீன்கொழம்புல உப்பு கூடிப்போச்சுன்னு."

என் கணவர் தட்டிலிருந்து தலை தூக்காமல், "பூனே, மாமாட்ட சொல்லு, கொழம்பு வச்சது அவுக மகதான்னு" என்பார்.

பல வருடங்கள் இப்படியே கழிந்தன. இரண்டு பக்கமும் மீன் தலை கிடைத்ததால் பூனைக்கு ஒரு குறையும் இல்லை. நடுவில் இருந்து பதறியவள் நான்தான்.

இந்த நிலையில், மாப்பிள்ளையூரணிப் பக்கம் ஓலைக் கொட்டகையில் நடந்த ஒரு ஜெபக்கூட்டத்துக்கு அம்மா வற்புறுத்தி அப்பாவை அழைத்துப் போனார்கள். பிரசங்கியாரின் தமிழில் பிழை கண்டுபிடிக்கலாம் என்றே அப்பா போனார்கள். திரும்பி வந்தபின் அப்பா சாப்பிடவில்லை. உபதேசியார் மகனாகப் பிறந்து, வாழ்நாள் முழுவதும் வேதம் வாசித்தும், ஒரு நாளாவது தன்னைப் பாவி என்று நினைத்ததில்லை என்று அம்மாவிடம் சொல்லி அழுதார்களாம். அந்த வாரமே முழுக்கு ஞானஸ்நானம் எடுப்பதென்று முடிவு செய்தார்கள்.

முடிவு செய்தபின் பேரம் தொடங்கியது. "பாஸ்டர், நெஞ்சளவு தண்ணி போதாதா?" என்று அந்தப் பிரசங்கியாரிடம் கேட்டார்கள்.

"அண்ணாச்சி, முழுக்குன்னா தலையும் சேத்துத்தான். அதைவிட, யார்ட்டயும் மனத்தாங்கல் இருந்தா மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க. அது தண்ணியவிட முக்கியம்."

அன்று மதியச் சாப்பாட்டின்போது அப்பா தொண்டையைச் செருமினார்கள். "பூனே, அந்தாளுகிட்ட சொல்லு, நான் அவரை மன்னிச்சிட்டேன்னு."

என் கணவர் மீன் முள்ளைப் பொறுமையாக எடுத்து ஓரமாக வைத்தார். "பூனே, என்ன தப்புக்குன்னு கேட்டுச் சொல்லு."

அப்பா எழுந்துபோய்க் கை கழுவினார்கள். "பேசித் தீத்தாச்சு" என்று பாஸ்டருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சனிக்கிழமை கடலில் கொஞ்சம் அலை இருந்தது. எனக்குப் பயம். நான் கெஞ்சியதால் என் கணவரும் வந்து, தள்ளி ஒரு வள்ளத்தில் சாய்ந்து நின்றார். பாஸ்டர் அப்பாவைத் தண்ணீருக்குள் அமிழ்த்தித் தூக்கினார். எழுந்த வேகத்தில் அப்பா இருமினார்கள். அடுத்த கணம் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு, வானத்தைப் பார்க்கவேண்டியவர்கள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்பா உருகி நிற்கிறார்கள் என்று நினைத்த சபையார் இன்னும் உரக்கப் பாடினார்கள். அம்மா மட்டும் என் தோளைப் பிடித்து, "ஏளா, பல்லு செட்டு போச்சு" என்றார்கள். அப்பாவுக்குப் பல் செட்டு உண்டென்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

கடலுக்குள் போன பொருளை எடுக்கத் தெரிந்தவர் அந்தக் கரையில் ஒருவர்தான். அவரிடம் சொல்லி அனுப்பப் பூனையும் அங்கே இல்லை.

அப்பா வாயைப் பொத்தியபடியே கரையேறினார்கள். நேராக வள்ளத்தின் அருகே போனார்கள். நான் துவாலையை நீட்டினேன், வாங்கவில்லை. கைகளைக் கீழே விட்டார்கள். பொக்கை வாயோடு, அத்தனை பேர் முன்னிலையில், காற்றும் சொல்லுமாகச் சொன்னார்கள்:

"மாப்பிள்ளை, தப்பு எம்மேலதான். என்னைய மன்னிச்சிரும்."

பாட்டு நின்றுவிட்டது. என் கணவர் சட்டையைக் கழற்றினார். "அது கெடக்கட்டும் மாமா. பல்லு எங்கன விழுந்துச்சு? அதச் சொல்லுங்க மொதல்ல."

பலமுறை மூழ்கி எழுந்தார். ஒவ்வொரு முறையும் என் உயிர் போய் வந்தது. கடைசியில் கையை உயர்த்திக்கொண்டு வந்தார். "எங்கப்பா இந்தக் கடல்ல முத்து எடுத்தாரு. எனக்கு வாய்ச்சது இது" என்றார். அப்பா சிரித்தார்கள். கையால் மறைக்காமல் அப்பா சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அதன்பின் பூனைக்கு வேலை போயிற்று. அப்பாவும் மருமகனும் வாசலில் உட்கார்ந்து, காற்று எந்தப் பக்கம் என்பதைப் பற்றிக்கூட ஒரு மணி நேரம் பேசுவார்கள். ஜெபக்கூட்டங்களில் தன் மனமாற்றத்தைச் சாட்சியாகச் சொல்ல எழுந்தால் அப்பா பல் செட்டைக் கழற்றி உயர்த்திக் காட்டுவார்கள். அம்மாவுக்கு அதில் கடைசிவரை சம்மதமில்லை. "முன்னே பல்லு இருக்குன்னு பெருமை. இப்போ இல்லேன்னு பெருமை" என்பார்கள். அதையும் அப்பா அடுத்த கூட்டத்தில் சாட்சியாகச் சொல்லிவிட்டார்கள்.

கடைசி நாட்களில் நெஞ்சுவலி. என் கணவர் கடலுக்குப் போயிருந்த ஒரு முற்பகலில், ஜெபித்துக்கொண்டிருந்தபடியே அப்பா கர்த்தருக்குள் அடங்கினார்கள். நான் இன்னும் அந்தப் பதற்றத்திலிருந்து மீளவில்லை.

வீடு தேடி வந்து பார்த்த மருத்துவருக்கும், கேட்காமலே கார் அனுப்பிய காயல்பட்டினத்து நண்பருக்கும், நாசரேத்திலிருந்து வந்து அம்மாவின் அருகே இருந்த உறவினர்களுக்கும், அந்தக் கரையில் பாடிய சபையாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி என்றும் உண்டு.

அப்பா இறந்த அன்று, சவப்பெட்டியை மூட நேரமாயிற்று என்று எல்லோரும் சொன்னார்கள். பாஸ்டர் மட்டும், "அவர் வரட்டும்" என்று காத்திருந்தார். வெயில் சாயும் வேளையில் என் கணவர் ஈர வேட்டியோடு ஓடிவந்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பெட்டிக்கு அடியில் பூனை சுருண்டு கிடந்தது. அதன் அருகே குந்தி உட்கார்ந்தார்.

"பூனே, மாமாட்ட சொல்லு. மாப்பிள்ளை வந்துட்டாருன்னு."