பினாயில் ஊற்றிய சுவர்

மந்தைவெளியில் எங்கள் பழைய தெருவின் அம்மன் கோயிலுக்குப் போன மாதம்தான் கும்பாபிஷேகம் நடந்தது. நேற்று நான் போனபோது தரையை அப்போதுதான் கழுவிவிட்டிருந்தார்கள். பினாயில் வாசனை மூக்கில் ஏறியதுமே அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது இங்கே கோபுரம் ஏது? எங்கள் வீட்டுச் சுவர்தான் இருந்தது. வருகிறவன் போகிறவன் எல்லாம் அதன் ஓரமாகத்தான் ஒதுங்குவான். அம்மா தினமும் திட்டிக்கொண்டே பினாயில் ஊற்றுவாள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், எங்கள் துணி துவைக்கும் கல்லைச் சுவரோரம் நட்டு, மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துவிட்டாள். அன்றிலிருந்து ஒருவனும் ஒதுங்கவில்லை. அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பிறகு யாரோ பூ வைத்தார்கள், யாரோ கற்பூரம் ஏற்றினார்கள்.

அந்தக் கோடையில் எனக்கு அம்மை போட்டது. வேப்பிலைமேல் படுத்து நான் அனத்திக்கொண்டிருந்தேன். அம்மா ஈரப்புடவையோடு அந்தக் கல்லைச் சுற்றிவந்து விழுந்து கும்பிட்டாள். அப்பா அவளிடம் கேட்டது ஜன்னல் வழியாக என் காதில் விழுந்தது.

"இன்னாமே, நீ நட்ட கல்லுதானே இது?"

"கல்ல வெச்சது நானு. இப்ப உள்ள அவ கீறா. நீ சும்மா இருய்யா."

அந்தக் கல் இன்று வெள்ளிக் கவசத்துக்குள் இருக்கிறது. ஊருக்குப் புதியவரான பூசாரி குங்குமத் தட்டை நீட்டினார்.

"தானா வந்த சுயம்பும்மா இவ. தெரியுமா?"

நெற்றியிலிருக்கும் அம்மைத் தழும்பின்மேல் குங்குமத்தை வைத்துக்கொண்டேன்.

"தெரியும் சாமி. இவ வந்தப்ப நான் பக்கத்துலதான் படுத்துக்கினு இருந்தேன்."