அரைமணி அக்காவும் மூன்றாம் நம்பர் வண்டியும்

அந்தக் காகிதக் கிடங்கில் அவளை எல்லோரும் அரைமணி என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் சின்னவர்கள் மட்டும் கூட ஒரு அக்காவைச் சேர்த்துக்கொள்வார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், இந்தம்மா தினமும் அரைமணி பிந்தி வருகிறவள் போலிருக்கிறது என்று நினைப்பதுண்டு. பதினெட்டு வருஷத்தில் ஒருநாளும் அவள் பிந்தியதில்லை.

முதலில் சுவர் கழுவத்தான் வந்தாள். மூன்று ஆள் உயரத்துக்கு அடுக்கிய காகித உருளைகள். நடுவே உள்ள சந்துகளில் ஐந்து டீசல் ஃபோர்க்லிஃப்ட்டுகள். முன்னால் நீண்ட இரண்டு இரும்புக் கைகளால் உருளையை இடுப்போடு கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு போகும். போகிற வழியெல்லாம் புகை. திங்கட்கிழமை கழுவிய சுவர் சனிக்கிழமைக்குள் கறுத்துவிடும். அவள் வாளியில் முதல் தண்ணீர் மை மாதிரி இருக்கும், நான்காவது தண்ணீரில்தான் அடி தெரியும். அப்படிக் கழுவிக்கொண்டே வண்டிகளை வேடிக்கை பார்த்தாள், பிறகு ஓட்டக் கற்றுக்கொண்டாள், உருளைகளில் சீட்டு ஒட்டுகிறவரைக் கல்யாணமும் செய்துகொண்டாள். சுவரில் படிகிறது மனுஷன் நெஞ்சிலும் படியும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்காரருக்கு மூச்சு இளைக்க ஆரம்பித்தபோது டாக்டர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். "மருந்து பாதிதான். மீதிப் பாதி, புகை இல்லாத இடம்." அவர் வேலையை விட மாட்டேன் என்றார். வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தால் ஒரே மாதத்தில் படுத்துவிடுவார் என்று அவளுக்கும் தெரியும். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு வழி சொல்லிக் கொடுத்தாள். காலையில் கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்காரவைத்து, ஒரே மூச்சில் ஒன்று இரண்டு என்று எண்ணச் சொல்ல வேண்டும். எவ்வளவு தூரம் போகிறாரோ அதுதான் அன்றைய நெஞ்சு. அவள் அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் பென்சிலால் குறித்து வந்தாள். அந்த வருஷம் முழுக்கப் பதினொன்று, பத்து, பதினொன்று.

பிறகு கனரக வண்டிகளின் புகைக்கு வரம்பு வந்தது. கிடங்குக்காரர்கள் புகை குறைந்த புது டீசல் வண்டிகள் மூன்று வாங்கினார்கள். பழைய ஐந்தும் பின்கட்டில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு படுத்தன. புது வண்டிகள் சந்துக்குள் வந்துபோனால் சத்தம் மட்டும்தான், வாசனைகூட இல்லை. இரண்டே வாரத்தில் அலமாரிக் கதவில் பதினான்கு, மூன்றாம் வாரத்தில் பதினேழு. அவளுக்கு ஒரு கனவு அடிக்கடி வந்தது. அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே இருக்கிறார், நூறைத் தாண்டி, ஆயிரத்தைத் தாண்டி. வெள்ளை உருளைகள் ஒவ்வொன்றாக விரிந்து தரையெல்லாம் பால் மாதிரி ஓடுகிறது. விழித்தால் பக்கத்தில் அவர் இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருப்பார். ஒரு தலையணையை முதுகுக்குக் கொடுத்துவிட்டு மறுபடி தூங்குவாள்.

ஐந்தாம் வாரம் மூன்றாம் நம்பர் வண்டி நொண்ட ஆரம்பித்தது. எவ்வளவு மிதித்தாலும் ஆமை நடை. அடுத்த நாள் முதல் நம்பரும் இரண்டாம் நம்பரும் மூச்சு வாங்கின.

"புதுசாம் புதுசு! இதுக்கு என் வீட்டுத் தள்ளுவண்டி தேவலாம்" என்றான் நெட்டை. அவளோடு வண்டி ஓட்டுகிறவன்.

சூப்பர்வைசர் முடிவெடுத்துவிட்டார். "வெள்ளிக்கிழமை புகை சோதிக்க அதிகாரி வர்றாரு. வண்டிங்க ரிப்பேர்னு சொல்லி மூணு மாசம் தவணை கேட்டுக்கலாம். அதுவரைக்கும் பழசை எடுத்து ஓட்டுங்க."

மூன்று மாதம். அலமாரிக் கதவில் எண் மறுபடி பதினொன்றுக்கு இறங்கிவிடும்.

செவ்வாய்க்கிழமை மெக்கானிக் வந்தார். மூன்றாம் நம்பரில் தன் கையடக்கப் பெட்டியைச் சொருகி, திரையைப் பார்த்தார். பார்த்தவர் திரும்பி எல்லோரையும் பார்த்தார்.

"நாப்பத்தோரு தடவை நிறுத்தியிருக்கீங்க. யாரு வேலை இது?"

"எதை நிறுத்தினோம்?" என்றார் சூப்பர்வைசர்.

"புகைக்குழாய்க்குள்ள ஒரு ஃபில்டர் இருக்கு சார். கரியெல்லாம் அதுல தங்கும். நிரம்பினதும் ஆரஞ்சு விளக்கைப் போட்டு, என்னை அரைமணி நேரம் சும்மா நிக்க விடு, நானே எரிச்சுக்கறேன்னு வண்டி கேக்கும். நீங்க ஒவ்வொரு தடவையும் கீழ இருக்கிற பட்டனை அமுக்கி வேணாம்னுட்டீங்க. பாவம், அது எத்தனை நாள் அடக்கிக்கும்?"

அந்தப் பட்டனை முதலில் அமுக்கியது அவள்தான்.

காகிதக் கிடங்கில் வாசலிலேயே தீப்பெட்டிக்குச் சட்டைப்பையைத் தடவுவார்கள். சூடு என்றால் அங்கே எமன். முதல் நாள் அந்த விளக்கு எரிந்தபோது, புகைக்குழாயும் அனலுமாக அதில் ஒரு படம் இருந்தது. வேறு எந்த இடமாக இருந்தாலும் விட்டிருப்பார்கள். அவள் பதறிப்போய்ப் பட்டனை அமுக்கினாள், விளக்கு அணைந்தது. நல்ல காரியம் செய்த நிம்மதியில் எல்லோரையும் நிற்கவைத்துச் சொல்லியும் கொடுத்தாள். எரிஞ்சா யோசிக்காதீங்க, உடனே அமுக்குங்க.

இப்போது நெட்டை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி கோளாறு என்றே விட்டுவிடலாம். மெக்கானிக்குக்கு எந்தக் கை அமுக்கியது என்று தெரியாது. அவள் சந்தின் கோடியில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த முதுகைப் பார்த்தாள். ஒவ்வொரு சீட்டுக்கும் அந்த முதுகு ஒருமுறை நின்று ஏறி இறங்கியது.

"நான்தான் சார் சொல்லிக்குடுத்தேன்."

"நல்லா வாத்தியார் வேலை பாத்திருக்கம்மா!" என்றார் சூப்பர்வைசர்.

"அக்கா சொன்னா மறுபேச்சு பேசக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்றான் நெட்டை, கூரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

"பழசை எடுக்காதீங்க சார். வெள்ளி வரைக்கும் குடுங்க. மூணையும் நான் கூட நின்னு எரிச்சுத் தர்றேன்" என்றாள் அவள்.

மெக்கானிக் தாடையைச் சொறிந்தார். "ஒண்ணும் ரெண்டும் தேறிடும். மூணாவது ரொம்ப அடைச்சிருக்கு. பெட்டியைப் போட்டு ஒரே ஒரு தடவை முயற்சி பண்ணலாம். தீயற வாடை வந்தா நிறுத்திடணும், அதோட ஃபில்டர் போச்சு."

புதன்கிழமை மத்தியானம் மூன்றாம் நம்பரை முற்றத்தின் கடைசி மூலைக்குக் கொண்டுபோனார்கள். காகிதத்திலிருந்து எண்பது அடி தள்ளி, வெறும் சிமெண்டுத் தரை. மெக்கானிக் பெட்டியோடு இருக்கையில் உட்கார, தீயணைப்பானைக் காலடியில் வைத்துக்கொண்டு அவள் புகைக்குழாய்ப் பக்கம் நின்றாள். வண்டி தானாகக் குரலை உயர்த்தியது. பிறகு அந்த ஒரே சுருதியில் நின்றுவிட்டது.

பத்தாவது நிமிஷத்தில் குழாயின் வாய்க்கு மேலே காற்று நெளிய ஆரம்பித்தது. எதிர்ச் சுவரின் செங்கற்கள் தண்ணீருக்கடியில் கிடப்பவை போல அசைந்தன. ஜன்னல்கள் மெல்ல நீந்தின. கூரையில் ஒரு புறா வந்து உட்கார்ந்தது. அதன் பாதி உடம்பு கரைந்து மறுபடி கூடியது. தான் கழுவிய சுவர்களெல்லாம் அந்த அனலுக்குள் வரிசையாக வந்துபோவதாக அவளுக்குத் தோன்றியது. மை மாதிரி முதல் தண்ணீர், சாம்பல் தண்ணீர், அடி தெரிகிற தண்ணீர். ஜுரம் இறங்குகிற வேளையில் நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் இப்படித்தான். செய்ய ஒன்றும் இருக்காது, எழுந்து போகவும் முடியாது.

இருபதாவது நிமிஷத்தில் ஏதோ ஒரு வாடை. அவள் கை தானாகத் தீயணைப்பானுக்குப் போனது.

"என்ன வாசம்?" என்றார் மெக்கானிக்.

அவள் குனிந்து, ஒதுங்கி, மறுபடி மோந்தாள். "சூடான இரும்பு. தீயல. விடுங்க."

பின்னால் வருவது யார் என்று மூச்சிலேயே தெரிந்தது.

"இங்க எதுக்கு வந்தீங்க? அந்தாண்ட, காத்து வர்ற பக்கமா நில்லுங்க."

"நீ நிக்கறியேன்னு பாத்தேன்."

"பேசாதீங்க. மூச்சு விடற வேலையைப் பாருங்க."

அவர் காற்று வருகிற பக்கம் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டார். முப்பத்து நான்காவது நிமிஷம் வண்டி குரலைத் தாழ்த்தியது. ஆரஞ்சு விளக்கு அணைந்தது. இந்த முறை யாரும் அமுக்கவில்லை. நன்றாக ஆறும்வரை காத்திருந்து அவள் குழாய்க்குள் ஒரு வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்தாள். துணி வெள்ளையாகவே வெளியே வந்தது. அதே துணியால் வண்டியின் கண்ணாடியையும் துடைத்துவைத்தாள்.

வெள்ளிக்கிழமை மூன்றும் தேறின. மூன்றாம் நம்பர் மட்டும் மயிரிழையில். பட்ட பாட்டில் ஃபில்டரின் ஆயுசு கொஞ்சம் குறைந்துவிட்டது என்றார் மெக்கானிக். பழைய வண்டிகளை ஒரு லாரி வந்து தார்ப்பாயோடு ஏற்றிக்கொண்டு போனது.

அடுத்த திங்கட்கிழமை காலை அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பத்தொன்பது வரை எண்ணினார்.

"போதுமா?"

"நாளைக்குப் பாப்போம்" என்று சொல்லிக் கதவில் குறித்துக்கொண்டாள்.

அன்று பத்து மணிக்கு முதல் நம்பரில் விளக்கு எரிந்தது. "அரைமணி அக்கா! உங்க ஆள் கூப்பிடுது!" என்று சந்துக்குள்ளிருந்து நெட்டை கத்தினான். பெயர் அன்றைக்கு விழுந்ததுதான். அவள் வண்டியை மூலைக்கு ஓட்டிப்போய் நிறுத்திவிட்டு, இறங்கிப் பக்கத்தில் நின்றாள். சற்று நேரத்தில் செங்கற்கள் நீந்த ஆரம்பித்தன.