வெள்ளிக்கிழமைப் பிடியரிசி

எழுபதுகளின் கடைசியில் கொச்சி மட்டாஞ்சேரிப் பண்டகசாலை ஒன்றில் சுக்குப் பொறுக்கப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் சந்துத் தமிழ்க் குடும்பங்களில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைப்பார்கள். வெள்ளிக்கிழமை பிஸ்கட் டின்னோடு போய் நான் வாங்கி வருவேன். போக்கிடமில்லாத பத்துப் பெண்களுக்கு அதுதான் கஞ்சி. எங்கள் முதலாளி, பண்டகசாலையில் காலியாகக் கிடந்த பின்கட்டை அவர்களுக்குத் தங்கக் கொடுத்திருந்தார். அடுப்பும் அங்கேதான்.

ஒரு வீட்டில் பச்சரிசி, அடுத்த வீட்டில் புழுங்கல். சேர்த்து உலையில் போட்டால் ஒன்று குழையும், ஒன்று வேகாது. அந்தப் பத்துப் பேரில் தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, புருஷன் ஆலுவா ஸ்டேஷனில் விட்டுவிட்டுப் போனவள், எட்டு மாத வயிற்றோடு உட்கார்ந்து முறத்தில் பிரிப்பாள்.

"இந்தப் புழுங்கல் எம் மாமியா மாதிரிக்கா. எவ்வளவு எரிச்சாலும் இளகமாட்டா."

எல்லோரும் சிரிப்போம்.

மழை பிடித்தது. சுக்கு மூட்டைகளை நனையாமல் அடுக்கணும், பின்கட்டை ஒழிக்கணும் என்று கணக்கப்பிள்ளை வந்து நின்றார். பிள்ளைத்தாச்சி இருக்கிறாளே என்று கெஞ்சினேன்.

"சுக்கு நனைஞ்சா போச்சு, சேச்சி. மனுஷங்க நனைஞ்சா காஞ்சுக்கும்."

அன்றே வெளியேற்றினார்கள். அவளுக்கு மட்டுமாவது ஒரு கூரை வேண்டும் என்று வீடு வீடாக ஏறினேன்.

"அரிசி கேளு, ரெண்டு பிடியாத் தாரேன். பேறுகாலம் பாக்க இங்க எங்கடி இடம்?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. தப்பில்லை. எல்லா வீடும் ஒற்றை அறைதான். என் வீட்டிலும் ஆறு பேர். "வீட்டுல கேட்டு நாளைக்குச் சொல்றேன்" என்று பிள்ளைத்தாச்சியிடம் மூன்று நாள் சொன்னேன். உண்மையில் வீட்டில் நான் வாயே திறக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சந்து முழுக்க இரக்கப்பட்டு அள்ளிப் போட்டது. டின் நிறைந்து, மீதியை முந்தானையில் முடிந்துகொண்டேன். பெண்கள் பத்துப் பேரும் படகுத்துறைத் தகரக் கொட்டகையில் சாரலுக்கு ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தன. டின்னைத் திறந்ததும் பழக்கத்தில் கைவிட்டு அளைந்தாள். அங்கே அடுப்பு இல்லை, ஈர விறகு கூட இல்லை.

"இவ்வளவு அரிசியாக்கா!" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "இத எங்கன வச்சுப் பொங்க?"

நாளைக்குச் சொல்கிறேன் என்று அன்றைக்கும் என் வாயில் வந்தது.