கம்ப்யூட்டருக்குத் தைத்த சட்டை

இந்த ஊரில் துணி காய்வது வீட்டுக்குள்ளேதான். ஜன்னலுக்குக் கீழே சுவரோடு பொருத்திய ஹைட்ஸுங் என்ற இரும்புச் சூடேற்றியின் மேல் வரிசையாகப் போட்டுவிட வேண்டும். ஜெர்மனியில் ட்ரெஸ்டனுக்கு வந்து பதினாறு மாதம் ஆகியும், ஈரத்துணிக்கும் வெயிலுக்கும் சம்பந்தமே இல்லாத இந்த ஏற்பாடு எனக்குப் பழகவில்லை. இன்று சனிக்கிழமை காலை, சூடேற்றியில் இடம் போதாமல் ஒரு ஜோடி காலுறையை மேசைக்கு அடியில் இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் போட்டுவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன். ஒரு பாடம் முடித்துவிட்டுத் தொட்டுப் பார்த்தால், சூடேற்றியில் கிடந்தவை இன்னும் சொதசொதவென்றிருந்தன. பெட்டியின் மேல் கிடந்த இரண்டும் அப்பளம் போல விறைத்திருந்தன. காலுறையைக் கையில் பிடித்தபடி நின்றேன். மூன்று வாரமாக நான் மதுரையில் தேடிக்கொண்டிருந்த கோளாறு என் காலடியில் இருந்திருக்கிறது.

நாளை என் அக்கா மகளுக்குக் காதுகுத்து. அவளுக்கு மூன்று வயது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவது எங்கள் பக்கத்து முறை. அவளுக்கு இருக்கும் ஒரே தாய்மாமன் நான். பிறந்த அன்று அக்காவுக்கு அடுத்தபடி அவளைக் கையில் வாங்கியவனும் நான்தான். ஆனால் திங்கட்கிழமை எனக்குத் தேர்வு, ஊருக்குப் போக வழியில்லை. அதனால் அக்கா ஒரு யோசனை சொன்னாள். மதுரை வில்லாபுரத்தில் அவள் வீட்டில் புதுக் கம்ப்யூட்டரும் பிராட்பேண்டும் வந்திருந்தன. கேமராவுக்கு முன்னால் நாற்காலி போட்டுப் பிள்ளையை உட்கார வைப்பது, நான் இங்கிருந்து பார்த்துக்கொண்டே “குத்துங்க” என்று சொன்ன பிறகுதான் ஆசாரி கம்பியை எடுப்பது. அக்காவின் மாமனார் உசிலம்பட்டிக்காரர், குலசாமி கோயிலை விட்டுக் கொடுக்க மனமில்லாதவர். “டிவிப் பொட்டி முன்னாடி வச்சுக் குத்துனா சாமி ஒத்துக்கிருமா?” என்றார். “சாமி ஒத்துக்கிரும் மாமா, என் தம்பி ஒத்துக்கணும்ல” என்றாளாம் அக்கா. கடைசியில் அவர் ஒரு கெடு வைத்தார். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் படம் திக்காமல் வந்தால் வீட்டில். இல்லையென்றால் உசிலம்பட்டிக் கோயிலில், எங்கள் பெரியப்பா மகன் மடியில். கோயிலில் ஏது இன்டர்நெட்?

படம் திக்காமல் வரவில்லை. இணைத்ததும் ஐந்து நிமிடம் கண்ணாடி போல இருக்கும். அதன் பிறகு அக்கா வாயைத் திறந்தால் திறந்தபடியே நிற்பாள். குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வரும். அங்கே நானும் அப்படித்தான் தெரிந்திருக்கிறேன். “அம்மா, மாமா பொம்மையாயிட்டாரு” என்று பிள்ளை சொன்னது எனக்கே கேட்டது. கம்ப்யூட்டர் என்றால் சும்மா இருக்கத் தெரியாதவன் நான். கல்லூரி விடுதியில் எல்லார் பெட்டியையும் திறந்து பார்த்துத் திட்டு வாங்கியவன். உடனே மச்சானுக்கு, அதாவது அக்கா கணவருக்கு, பட்டியல் போட ஆரம்பித்தேன். பின்னால் ஓடுகிற புரோகிராம்களை மூடுங்கள், படத்தின் அளவைக் குறையுங்கள், மோடத்தை மாற்றுங்கள், டெலிபோன் ஒயரைப் பாருங்கள். கப்பலூரில் ஒரு சின்னப் பட்டறையில் மிஷின் ஓட்டுகிற மனிதர், அரை நாள் லீவு போட்டு லைன்மேனைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தார். கம்ப்யூட்டரைக் கூடத்திலிருந்து தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கையறையில் வைத்தார். பக்கத்து வீட்டு முருங்கைக் கிளை ஒயரில் உரசுகிறது என்று நான் சொன்னதைக் கேட்டு அந்தக் கிளையையும் வெட்டிவிட்டார். காய்த்துத் தொங்கிய கிளை. அதோடு அந்த வீட்டுடன் பேச்சு நின்றுபோனது.

இடையில் ஒரு நாள் அவர் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்.

“மாப்ள, ஆரம்பத்துல நல்லா ஓடுது, அஞ்சு நிமிஷத்துல திணறுது. இது சூடு மாதிரில்ல தெரியுது? எங்க பட்டறையில மோட்டாரு இப்படித்தான் பண்ணும்.”

“மச்சான், இது மோட்டார் இல்ல. கம்ப்யூட்டரு.”

“சரிப்பா. படிச்சவன் நீ சொல்ற.”

சொல்லிவிட்டு, சந்தேகத்துக்கு என்று தன் பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு ஒரு டேபிள் ஃபேனையும் வைத்திருக்கிறார். நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். கோளாறு என்றால் அது அங்கேதான் இருக்கும் என்பதில் எனக்கு ஒரு துளிச் சந்தேகம்கூட வரவில்லை. இது விமானம் ஏறியவர்களுக்கு மட்டும் வருகிற வியாதி என்று இப்போது தோன்றுகிறது. ரயில் நொடி பிசகாமல் வருகிற ஊரில் இருந்துகொண்டு பேசினால், தாமதம் என்பதே மறுமுனையின் சொத்து என்று ஆகிவிடுகிறது.

ஆனால் என் கம்ப்யூட்டரின் கதையை வீட்டில் யாருக்கும் நான் சொன்னதில்லை. இங்கே வேண்டாத சாமான்களைக் குறிப்பிட்ட ஒரு நாளில் தெருவோரம் வைத்துவிடுவார்கள். ஷ்பெர்முல் என்று பெயர். வந்த இரண்டாம் மாதம் அப்படி ஒரு குவியலில் கிடந்ததை மிதிவண்டியின் பின்னால் கட்டி எடுத்து வந்தேன். வீட்டுக்கு எழுதியபோது “கம்ப்யூட்டர் கிடைத்துவிட்டது” என்று மட்டும் எழுதினேன். பொய் இல்லைதானே? அம்மா அதை ஜெர்மனியில் வாங்கிய புது மிஷின் என்று எடுத்துக்கொண்டு, அளவு கேட்டு, பழைய சுங்குடிச் சேலையில் அதற்கு ஓர் உறை தைத்து அனுப்பினாள். எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜுக்கு, மிக்ஸிக்கு, டிவிக்கு எல்லாவற்றுக்கும் சட்டை உண்டு. புள்ளி புள்ளியாகச் சிவப்புச் சுங்குடி. போட்டதும் என் அறையே எங்கள் வீடு ஆனது. ஓடும்போதும் கழற்றாமல் வைத்திருந்தேன்.

எங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்மைஸ்டர் ஒருமுறை குழாய் சரிபார்க்க வந்தவர் அதைக் காட்டி, “உன் கம்ப்யூட்டருக்குக் குளிருகிறதா?” என்று கேட்டார். கேலி செய்கிறார் என்று எனக்கு முகம் சிவந்துவிட்டது. “எங்கள் ஊர் வழக்கம்” என்று தெரிந்த ஜெர்மனில் விறைப்பாகச் சொன்னேன். அவர் கையை விரித்துவிட்டுப் போய்விட்டார். கேலி இல்லை, அக்கறை. காய்ந்த காலுறையைக் கையில் பிடித்திருந்தபோதுதான் அது உறைத்தது.

உறையைக் கழற்றிப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருக்கும் குட்டி ஃபேனைச் சுற்றி முந்தைய வீட்டுப் பூனையின் முடி மெத்தை மாதிரி அடைந்திருந்தது. பிரஷ்ஷால் சுரண்டி எடுத்தேன். ஃபேன் சுற்றியது, ஆனால் கிழட்டு மாடு செக்கு இழுப்பது போல. புது ஃபேன் வாங்கக் கடைக்கு ஓடினேன். இவ்வளவு பழைய மாடலுக்குத் திங்கட்கிழமைதான் வரவழைக்க முடியும் என்றார்கள். சரி, வெளியிலிருந்து காற்று அடிக்கலாம் என்று டேபிள் ஃபேன் தேடினேன். பிப்ரவரியில், பனி கொட்டும்போது, எந்தக் கடையிலும் ஃபேன் இல்லை. மதுரையில் தை மாதத்திலும் ஃபேன் நிற்காது. வெட்கத்தை விட்டு ஹவுஸ்மைஸ்டரிடமே போய்க் கையைச் சுழற்றிக் காட்டி, காற்று வேண்டும், அறைக்கு, என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுக் கிடங்கிலிருந்து ஒன்றை எடுத்து வந்து கொடுத்தார். அறைக்கு வந்து போட்டால் அனல் அடிக்கிறது. குளிரில் நடுங்குகிறேன் என்று நினைத்து வெப்பக்காற்று ஊதும் கருவியைக் கொடுத்திருக்கிறார்.

வேறு வழியில்லை. சூடேற்றியை அணைத்தேன். மேசையை ஜன்னலோரம் இழுத்து, பெட்டியை அதன் மேல் தூக்கி வைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டேன். பிறகு மச்சானுக்குப் போன் போட்டேன். அதுதான் கடினமான வேலை.

“மச்சான், கோளாறு இங்கதான் இருந்திருக்கு.”

“இங்கன்னா?”

“எங்கிட்ட. என் மிஷின்ல. சூடு.”

மறுமுனையில் டேபிள் ஃபேனை அணைக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. இந்த முறை லைன் நன்றாகத்தான் இருந்தது.

“அம்புட்டு நாளுமா?”

“அம்புட்டு நாளும்.”

“அடப்பாவி மாப்ள! அந்த முருங்கைக் கிளைக்கு நான் எம்புட்டு ஏச்சு வாங்கியிருக்கேன் தெரியுமா? சரி, புது ஜெர்மன் மிஷினு எப்படிப்பா சூடாகும்?”

“புதுசு இல்ல மச்சான். தெருவுல கெடந்தது. எடுத்துட்டு வந்தேன்.”

இதைச் சொன்னதும் காது சூடேறியது. அவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

“அதுக்கென்ன, நானும் பட்டறையில பழைய இரும்பத்தான ஓட்டுறேன். உங்க அம்மா தச்ச சட்டைய உருவிட்டியா?”

“உருவிட்டேன்.”

“அப்ப லைன்ல வா. எங்கய்யா கடிகாரத்தப் பாத்துக்கிட்டு உக்காந்துருக்காரு.”

இங்கே பன்னிரண்டு, அங்கே நாலரை. இணைத்தோம். ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. அக்கா பேசினாள், வாய் மூடியது, திறந்தது. மாமனார் திரைக்கு மிக அருகில் வந்து, “என்னப்பா, வீட்டுக்குள்ள குல்லா போட்டுருக்க?” என்றார். பிள்ளை கையை ஆட்டினாள், நானும் ஆட்டினேன். “மாமா ஆடுறாரு!” என்று கத்தினாள். இருபத்திரண்டாவது நிமிடம் படம் ஒருமுறை திக்கியது. ஜன்னலை இன்னும் அகலத் திறந்தேன், சரியானது. மாமனார் எழுந்துகொண்டே, “வீட்டுலயே வச்சுக்குவோம். ஆனா கோயிலுக்குப் போற வேன் வாசல்ல நிக்கும்” என்று தீர்ப்பு சொன்னார். மச்சான் நாளைய விருந்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களை அழைக்கப் போயிருக்கிறார். கிளையை வெட்டச் சொன்னவன் நான்தான் என்று சொல்லிவிடச் சொன்னேன். அதைக் கட்டாயம் சொல்லுவதாகச் சொன்னார்.

நாளைக்கு அங்கே காலை பதினொன்று, இங்கே ஆறரை. மைனஸில் இருக்கும். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டை முழுவதும் கழற்றிவிட்டு, ஜன்னல் கதவு இரண்டையும் திறந்துவைத்து, ஒரு மணி நேரம் தாங்குகிறதா என்று பார்க்கப் போகிறேன். திரைக்குள் எல்லாரும் ஃபேனுக்கு அடியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். இந்தப் பக்கம் நான் வேட்டிக்கு மேல் ஓவர்கோட்டோடு, காதை மூடிய குல்லாவோடு உட்கார்ந்திருப்பேன். இதை எழுதும் இப்போதே விரல் விறைக்கிறது. நாற்காலியிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து ஒத்திகை பார்த்தேன், மடியில் பிள்ளை இருப்பது போல. மடி சில்லிட்டது. கம்ப்யூட்டரிடமிருந்து உருவிய சுங்குடி உறையை மடித்து அங்கே வைத்திருக்கிறேன். பெட்டியின் சூடு அதில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருப்பதாகவே தோன்றுகிறது.