நாலாம் நம்பர் வார்மரில் என் கையெழுத்து

இன்று செவ்வாய்க்கிழமை. காலை 6.40. என் போனில் பதினோரு மிஸ்டு கால்.

எல்லாம் எங்கள் ஆஸ்பத்திரி வார்டுகளிலிருந்து. பயோமெடிக்கல் இன்ஜினியராக இங்கே சேர்ந்து மூன்று வருடமாகிறது, ஒரே நாளில் இத்தனை கால் வந்ததே இல்லை. ஐசியுவில் ஏதோ மெஷின் நின்றுவிட்டது என்று பதறித் திருப்பி அடித்தேன்.

"சார், சூசையண்ணன் போயிட்டாரு சார்... எத்தனை மணிக்கு அடக்கம்னு உங்களுக்குத் தெரியுமா?"

பதினோரு பேரும் இதையேதான் கேட்டார்கள். ஒருவர்கூட மெஷினைப் பற்றிக் கேட்கவில்லை.

சூசைராஜ், எங்கள் டெக்னீஷியன். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா, ஏஜென்சி வழியாக வந்த கான்ட்ராக்ட் ஆள். வயது நாற்பத்து மூன்று. கல்லீரல்... பத்து நாளாக எங்கள் ஐசியுவில்தான் கிடந்தார்.

எல்லோரும் எழுதுவதுபோல நானும் உருக்கமாக ஓர் அஞ்சலி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். வரவில்லை. எனக்கு அந்த ஆள்மேல் பொறாமை. சேர்ந்த முதல் மாதத்திலிருந்து.

மெஷின் கெட்டால் வார்டிலிருந்து ஆன்லைனில் புகார் பதிய வேண்டும், நான் போய்ப் பார்த்து அதை முடித்து வைக்க வேண்டும். இதுதான் சிஸ்டம். ஆனால் எங்கள் ஆஸ்பத்திரியில் ஜன்னலைத் திறந்து "சூசையண்ணா!" என்று ஒரு சத்தம் போடுவார்கள். அவர் வந்து கை வைப்பார், மெஷின் ஓடும், புகார் பதிவாகாது.

எல்லா ஆஸ்பத்திரிக்குமான மாதக் கூட்டத்தில் என் புகார்ப் பட்டியல் காலியாக இருக்கும். "என்ன தம்பி, உங்க ஆஸ்பத்திரியில மட்டும் மெஷினே கெடாதா?" என்று மேலதிகாரி கேட்பார். சுற்றிச் சிரிப்பு.

ஒருநாள் சூசைராஜ் லீவு. அப்பா காலத்துக் குத்தகை நிலம், நாலு மா, ஒன்றேகால் ஏக்கர் வரும். யார் பெயரில் பதிவு என்று இருபது வருட வழக்கு. அதற்கு வாய்தா.

அன்று பிரசவ வார்டில் சக்‌ஷன் மெஷின் இழுக்கவில்லை. நான் டூல் கிட்டோடு போய் நின்றேன். இன்சார்ஜ் சிஸ்டர் என் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இருக்கட்டும் சார், ஸ்பேர் மெஷின் ஓடுது. சூசையண்ணன் சாயங்காலம் வந்துடுவாரு."

நான் பிஇ படித்தவன் சிஸ்டர்... என்று வாய் வரை வந்தது. பெட்டியோடு திரும்பினேன்.

சாயங்காலம் சூசைராஜ் வயலையும் பார்த்துவிட்டு, கால் முழுக்கச் சேற்றோடு வந்தார். வழக்கு என்னாச்சு என்று கேட்டேன். "அந்த ஆட்சியில ஒரு தாசில்தாரு, இந்த ஆட்சியில ஒரு தாசில்தாரு. நெலம் மட்டும் மாத்தல் ஆகாம அங்கேயே கெடக்கு சார்." சிஸ்டர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சொல்லும் ஜோக்குக்கு யாரும் சிரிப்பதில்லை.

அப்புறம் அந்த நாலாம் நம்பர் வார்மர்.

பச்சைக் குழந்தை வார்டில் குழந்தைக்குச் சூடு கொடுக்கும் மெஷின். நான் பத்து நிமிஷம் டெஸ்ட் செய்து, சரி என்று ஸ்டிக்கர் ஒட்டினேன். மறுநாள் என் ஸ்டிக்கர் மேலேயே பிளாஸ்திரி. அதில் பேனாவால் 'போடாதே'.

வார்டு நடுவிலேயே கத்தினேன். "நான் டெஸ்ட் பண்ணதை மாத்த நீங்க யாரு மிஸ்டர் சூசைராஜ்?"

"பத்து நிமிஷம் சரியாத்தான் காட்டும் சார். சூடேறினப்புறம் பாருங்க."

குழந்தைக்குப் பதிலாக ஒரு சலைன் பையைப் படுக்கவைத்தார். மெஷினின் சென்சாரை அதில் ஒட்டினார், பக்கத்தில் தனியாக ஒரு தெர்மாமீட்டர். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். எனக்கு எங்கே பொறுமை... டீ குடிக்கப் போய்விட்டேன்.

இரண்டு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். மெஷின் 36 என்றது, தெர்மாமீட்டர் 39. சூட்டில் சென்சார் கனெக்டர் லூஸாகிறது. மெஷின் சூட்டைக் குறைவாக அளந்து, இன்னும் இன்னும் சூடேற்றுகிறது.

அங்கே ஒரு குழந்தை படுத்திருந்தால்... என் ஸ்டிக்கரை நம்பித்தான் படுக்கவைத்திருப்பார்கள்.

ரிப்போர்ட்டையும் அவரே எழுதிக் கொண்டுவந்தார். "'டெஸ்ட் செய்தவர்'னு இன்ஜினியருக்குத்தான் இடம் வச்சிருக்கான் சார். எனக்கு அதுல இடமில்ல. நீங்க கையெழுத்து போட்டுடுங்க." போட்டேன்.

எங்கள் ஆஸ்பத்திரியின் அடுத்த கூட்டத்தில் கண்காணிப்பாளர் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். நான் எழுந்து நின்று நன்றி சொன்னேன். கடைசி வரிசையில் சூசைராஜும் கைதட்டினார். அந்தக் கைதட்டல் எனக்கு இன்னும் எரிகிறது.

போன வெள்ளிக்கிழமை ஐசியுவில் போய்ப் பார்த்தேன். கண்ணெல்லாம் மஞ்சள். கட்டிலைச் சுற்றி நாலு சிஸ்டர். அப்போதும் பொறாமைப்பட்டேன், மறைக்க என்ன இருக்கிறது.

தலைக்கு மேல் இருந்த மானிட்டரைக் காட்டினார். "உங்க ஸ்டிக்கர் ஒட்டின மெஷின்தான் சார். நம்பித்தான் படுத்திருக்கேன்."

சிஸ்டர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வராண்டாவுக்கு வந்தபிறகு ஞாபகப்படுத்திப் பார்த்தேன், அந்த மானிட்டரை எவ்வளவு நேரம் டெஸ்ட் செய்தேன் என்று.

பத்து நிமிஷம்.

இனி செய்யப்போவது:

1. அடக்கம் இன்று மாலை நாலு மணி, திருவையாறு பக்கம் அவர் ஊர் மாதா கோயிலில். நான் போகிறேன். பதினோரு பேருக்கும் இதுவே பதில்.

2. நாளை காலை கண்காணிப்பாளரிடம் கடிதம். நாலாம் நம்பர் வார்மரை டெஸ்ட் செய்தவர் சூசைராஜ். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

3. பத்து நிமிஷத்தில் ஸ்டிக்கர் ஒட்டிய எல்லா மெஷினும் மறுபடி. ஐசியு மானிட்டரிலிருந்து ஆரம்பம். ஸ்டூல் அவருடையதுதான்.

4. ஜன்னலிலிருந்து "சூசையண்ணா" என்று யாராவது பழக்கத்தில் கூப்பிட்டால், நான் போவேன்.

போயிட்டு வாங்க, சூசையண்ணா.